கணினி மேசை: புளூடூத் இல்லாத கணினிக்குப் புளூடூத்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கம்பியில்லா ஹெட்போன்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், புளூடூத் இல்லாத பழைய கணினியை என்ன செய்வது என்றே கேட்கின்றன. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, 2015-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று என்னிடம் உள்ளது. விண்டோஸ் 10 நன்றாகவே ஓடுகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கம்பியில்லா ஹெட்போன் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறாள். கைப்பேசியோடு அது உடனே இணைந்துவிட்டது. கணினியிலோ புளூடூத் என்ற பேச்சே இல்லை. பழுது பார்க்கும் கடையில் கேட்டால், “மதர்போர்டையே மாத்தணும் சார், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்கிறார்கள். வேறு வழி கிடையாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: தாராளமாக உண்டு. மதர்போர்டைத் தொடவே வேண்டாம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு யூ.எஸ்.பி. புளூடூத் அடாப்டர், கடைக்காரர்கள் பேச்சில் ‘டாங்கிள்’, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைச் செருகினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் வாங்குவதற்கு முன், கணினியில் புளூடூத் உண்மையிலேயே இல்லையா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி, வரும் பட்டியலில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறந்தால் கணினியில் உள்ள உறுப்புகள் அனைத்தும் வரிசையாகத் தெரியும். அதில் ‘புளூடூத்’ என்ற தலைப்பு இருந்தால் கருவி உள்ளேயே இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தலைப்பு இல்லாமல் ‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது நின்றால், விண்டோஸை மறுபடி நிறுவியபோது டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். கணினி நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அந்த டிரைவரை இறக்கி நிறுவினாலே போதும். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் முக்கியம். ஏனென்றால் கடந்த பத்தாண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில்தான் இருக்கின்றன. உங்களுடையது போன்ற மேசைக் கணினியில் இரண்டுமே இல்லாமல் போவது சாதாரணம்.

கடைக்குப் போகும்போது ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ‘புளூடூத் டாங்கிள்’ என்று மட்டும் கேட்டால், சென்னை ரிட்சி தெருவானாலும் உங்கள் ஊர் கடைத்தெருவானாலும், காரிலோ பழைய ஆம்ப்ளிபயரிலோ செருகும் ‘புளூடூத் ரிசீவர்’ ஒன்றை எடுத்து நீட்டிவிடக்கூடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதிலும் யூ.எஸ்.பி. முனை இருக்கும். ஆனால் அந்த முனை மின்சாரம் எடுப்பதற்கு மட்டுமே. கைப்பேசியிலிருந்து பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது அதன் வேலை. உங்களுக்கு வேண்டியதோ கணினியிலிருந்து பாட்டை வெளியே அனுப்பும் கருவி. அடையாளம் எளிது: உடம்பில் எங்காவது ஹெட்போன் கம்பி செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் அது உங்களுக்கானது அல்ல. அட்டைப் பெட்டியின் மேல் ‘கணினிக்கானது’ என்றும், உங்கள் விண்டோஸ் பதிப்பின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கொண்டுவந்து செருகியதும் விண்டோஸ் 10 பெரும்பாலும் தானாகவே டிரைவரைத் தேடி நிறுவிக்கொள்ளும். சில பெட்டிகளுக்குள் ஒரு குட்டி சிடி இருக்கும். சிடி டிரைவ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இணைய இணைப்பு இருந்தால் அதற்கு வேலை வராது. பிறகு ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிவைசஸ்’ என்பதைத் திறந்து, புதிய புளூடூத் சாதனத்தைச் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஹெட்போனை இயக்கிய உடனே அது பழக்கதோஷத்தில் மேசை மேல் இருக்கும் கைப்பேசியோடு போய் ஒட்டிக்கொள்ளும். கணினியின் கண்ணுக்கே படாது. ஆகவே முதலில் கைப்பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டு, ஹெட்போனின் பொத்தானை விளக்கு மாறி மாறி மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். அதன் பெயர் கணினித் திரையில் தோன்றும், சொடுக்கினால் இணைந்துவிடும். ஒரு முறை இணைத்துவிட்டால் அடுத்த முறை இவ்வளவு சடங்கு தேவைப்படாது.

கேள்வி: என் கம்பியில்லா மவுசுடன் வந்த சிறிய யூ.எஸ்.பி. துண்டு ஏற்கெனவே கணினியில் செருகியே இருக்கிறது. அதிலேயே ஹெட்போனையும் இணைக்க முடியாதா? எதற்கு இன்னொன்று?
— கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: முடியாது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன என்றாலும், மவுசுடன் வரும் துண்டு அந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் தன் மவுசோடு மட்டுமே பேசும். புளூடூத் என்பது 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் கூடி எல்லோருக்கும் பொதுவாக உருவாக்கிய ஏற்பாடு. அதன் முத்திரை இருந்தால், ஒரு நிறுவனத்தின் சாதனத்தை இன்னொரு நிறுவனத்தின் சாதனத்தோடும் பொதுவாகப் பழக்கலாம். அந்த முத்திரையைப் பார்த்திருப்பீர்கள்: பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டு புளூடூத்தின் பெயரிலுள்ள இரண்டு முதலெழுத்துகளை, பழைய ரூன் எழுத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்த குறி. உங்கள் மவுசின் அடிப்பக்கத்தில் அந்தக் குறியும் இருந்தால் அது இரண்டு வழியிலும் இயங்கும் மவுசு. அடாப்டர் வாங்கிய பிறகு பழைய துண்டைக் கழற்றி ஒரு யூ.எஸ்.பி. துளையை மிச்சப்படுத்தலாம்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல் அடாப்டர் வாங்கிக் கணினியின் பின்பக்கம் செருகினேன். பாட்டு விட்டு விட்டு வருகிறது, மவுசு அம்புக்குறி தத்தித் தத்தி நகர்கிறது. கடையில் மாற்றிக் கொடுத்த இரண்டாவது அடாப்டரும் அப்படியே. இரண்டுமே கெட்டவையா?
— அச்சகம் நடத்துபவர், சிவகாசி

பதில்: அடாப்டர் மேல் பழி போடும் முன், அது எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பாடத்தை நான் என் மேசையிலேயே கற்றேன். பின்பக்க யூ.எஸ்.பி. 3.0 துளை ஒன்றில் அடாப்டர், அதற்குப் பக்கத்துத் துளையில் புகைப்படங்களைச் சேமிக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மாலையில் படங்களை நகலெடுக்கத் தொடங்கினால் மவுசு திக்கும். திரையில் பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டிருக்கும் வரைக்கும் அம்புக்குறி நான் காட்டும் இடத்துக்கு வராமல் நாலு விரற்கடை தள்ளிப் போய் நிற்கும். நகலெடுத்து முடிந்த நொடியில் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி சரளமாக ஓடும். பேட்டரியை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், ஒரு வாரம் போனது. கடைசியில் ஒரு நாள் நகல் பாதியில் நிற்கட்டும் என்று டிஸ்க்கின் கம்பியை உருவியபோதுதான் விஷயம் பிடிபட்டது.

காரணம் இதுதான். யூ.எஸ்.பி. 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலை அனுப்புகிறது. அந்த வேகத்தில் ஓடும் மின்குறிகள் கம்பியிலும் இணைப்பு முனையிலும் கசியவிடும் இரைச்சல் புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் நிறைத்துவிடுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஆவணமாக வெளியிட்டது. புளூடூத் ஏமாளி இல்லை. தனக்குள்ள 79 தடங்களில் நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும், வைஃபை போன்றவை பிடித்துக்கொண்ட தடங்களைக் கண்டு ஒதுங்கவும் தெரியும். ஆனால் பக்கத்துத் துளையின் இரைச்சல் ஒரு தடத்தோடு நிற்பதில்லை, எல்லாத் தடங்களிலும் பரவிவிடுவதால் ஒதுங்கிப்போக இடம் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, கணினிப் பெட்டியின் பின்பக்கம் என்றால் உங்களுக்கும் அடாப்டருக்கும் நடுவில் ஒரு முழு இரும்புப் பெட்டி நிற்கிறது.

ஆகவே அடாப்டரை முன்பக்கத்தில் உள்ள யூ.எஸ்.பி. 2.0 துளைக்கு மாற்றுங்கள். உள்ளே நீல நிற நாக்கு இருந்தால் அது பெரும்பாலும் 3.0; கறுப்போ வெள்ளையோ என்றால் 2.0. புளூடூத்துக்கு 2.0 தாராளமாகப் போதும், வேகம் ஒரு துளியும் குறையாது. முன்பக்கத்தில் இடம் இல்லையென்றால் ஒரு மீட்டர் நீள யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, அடாப்டரை மேசைக்கு மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிடுங்கள். என் மேசையில் அது மானிட்டரின் பின்புறம் ஒட்டுநாடாவில் தொங்குகிறது. அழகாக இல்லை என்று வீட்டில் புகார் உண்டு, ஆனால் மவுசு அதன் பிறகு ஒரு நாளும் திக்கவில்லை. அந்தக் கம்பி ஒன்று இல்லாததால், கெட்டுப்போனதாகத் திருப்பிக் கொடுக்கப்பட்ட அடாப்டர்கள் எத்தனையோ.

கேள்வி: ஒரே கடையில் 4.0, 5.0, 5.3, 5.4 என்று நாலு விலையில் அடாப்டர்கள் இருக்கின்றன. எண் கூடக்கூட ஒலித்தரமும் வேகமும் கூடுமா? 5.0 என்றால் இரண்டு மடங்கு வேகம் என்கிறார்களே?
— மென்பொருள் சோதனையாளர், கோயம்புத்தூர்

பதில்: அந்த ‘இரண்டு மடங்கு’ பொய் அல்ல, ஆனால் உங்களுக்குப் பயன்படாத உண்மை. புளூடூத்துக்குள் இரண்டு கிளைகள் உண்டு. பாட்டையும் கோப்புகளையும் சுமப்பது பழைய கிளை. கைக்கடிகாரம், மவுசு, உடல்நலக் கருவிகள் முதலியவற்றுக்காக 2010-இல் 4.0 பதிப்போடு வந்தது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய கிளை. 2016-இல் வந்த 5.0 பதிப்பு இரட்டிப்பாக்கியது இந்தப் புதிய கிளையின் வேகத்தை மட்டுமே. பழைய கிளை 2004-இல் 2.0 பதிப்போடு வந்த 3 மெகாபிட் உச்சத்திலேயே இன்றும் நிற்கிறது. நடைமுறையில் அதில் பாதியோ சற்று மேலோதான் கிடைக்கும். நொடிக்கு 2 மெகாபிட் கிடைத்தால்கூட 1 ஜிபி படத்தை அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோப்பு அனுப்புவதற்காகப் புளூடூத் வாங்குகிறேன் என்று எழுதியிருக்கும் வாசகர்கள் அந்தப் பணத்தில் நல்ல யூ.எஸ்.பி. கம்பி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

அதற்காக 4.0 வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். விலை வித்தியாசம் சொற்பம், புதிய சில்லு (சிப்) உள்ளவற்றுக்கு டிரைவர் ஆதரவும் நீண்ட நாள் வரும். 5.0 அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் போதும், 5.3-க்கும் 5.4-க்கும் இடையே மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எண்ணைவிட முக்கியம் பெட்டியில் அச்சிட்ட எண்ணும் உள்ளே இருக்கும் சில்லும் ஒன்றா என்பது. ‘5.0’ என்று எழுதி 4.0 சில்லை வைத்து விற்பது இந்தச் சந்தையில் புதிதல்ல, சி.எஸ்.ஆர். என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய சில்லைப்போல் வேடமிட்ட போலிகள் மலிந்து கிடக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் நீங்களே சரிபார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் புளூடூத் தலைப்பின் கீழ் அடாப்டரின் பெயரை இருமுறை சொடுக்கி, ‘அட்வான்ஸ்ட்’ என்ற தாவலில் ‘எல்எம்பி’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 6 என்றால் 4.0, 8 என்றால் 4.2, 9 என்றால் 5.0, 11 என்றால் 5.2, 12 என்றால் 5.3. பெட்டியில் 5.3 என்று போட்டுவிட்டு இங்கே 6 என்று காட்டினால் ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பலாம்.

மடிக்கணினிக்குள் ஏற்கெனவே பழைய புளூடூத் இருந்து, அதற்கு மேல் புதிய அடாப்டரைச் செருகுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத்தை மட்டுமே நிர்வகிக்கும். பழையதை டிவைஸ் மேனேஜரில் ‘டிசேபிள்’ செய்த பிறகே புதியதைச் செருகுங்கள்.

கேள்வி: மாலையில் இணையவழி வகுப்பு எடுக்கிறேன். பாட்டு கேட்கும்போது தெளிவாக இருக்கும் அதே ஹெட்போன், வகுப்பு தொடங்கியதும் பழைய காலத்து டிரங்க் கால் மாதிரி ஆகிவிடுகிறது. அடாப்டர் மலிவானது என்பதாலா?
— கணித ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: விலை உயர்ந்த அடாப்டரிலும் இதே கதைதான். ஹெட்போனுக்குப் புளூடூத்தில் இரண்டு பாதைகள் உண்டு. பாட்டுக்கான பாதை ஒருவழிப் பாதை. நல்ல தரத்தில் இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலியைக் கொண்டுபோகும், ஆனால் உங்கள் குரலைத் திருப்பிக் கொண்டுவராது. வகுப்புச் செயலி ஹெட்போனின் மைக்கைத் திறந்ததும் விண்டோஸ் இருவழிப் பாதைக்கு மாறிவிடுகிறது. அது தொலைபேசிப் பேச்சுக்காக அமைத்தது: ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளந்து அனுப்பும், பாட்டுக்கான பாதையிலோ வழக்கமாக 44,100 முறை. டிரங்க் கால் என்று நீங்கள் சொன்னது உவமையாக இருந்தாலும் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது.

தீர்வு எளிது. செயலியின் ஒலி அமைப்பில், கேட்பதற்கு ஹெட்போனையும் பேசுவதற்கு வேறொரு மைக்கையும் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினியில் உள்ள மைக்கோ, சட்டையில் மாட்டும் கம்பி மைக்கோ, வெப்கேமராவில் உள்ளதோ எதுவானாலும் சரி. ஹெட்போனின் மைக் மூடியிருக்கும்வரை ஒலி தெளிவாகவே இருக்கும். 5.2 பதிப்போடு வந்த, குறைந்த மின்சாரக் கிளை வழியாகவே ஒலியை அனுப்பும் ‘எல்இ ஆடியோ’ இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்பது உண்மைதான், ஆனால் ஹெட்போன், அடாப்டர், டிரைவர், விண்டோஸ் 11 என நான்கும் அதை ஏற்க வேண்டும்; ஒன்று குறைந்தாலும் பழைய பாதைதான். இதற்காக மட்டும் புதிய அடாப்டர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: யூ.எஸ்.பி. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பிடிக்காமல், வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த அட்டை ஒன்றை வாங்கி மதர்போர்டில் பொருத்தினேன். வைஃபை பிரமாதம். புளூடூத் மட்டும் பட்டியலிலேயே இல்லை.
— மின்பொறியாளர், ஓசூர்

பதில்: அட்டையோடு மெல்லிய கம்பி ஒன்று வந்திருக்குமே, அது இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதா என்று பாருங்கள். இவ்வகை அட்டைகளில் வைஃபை மட்டும்தான் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை வழியாகப் பேசும். புளூடூத் பகுதிக்குத் தனியாக யூ.எஸ்.பி. இணைப்பு வேண்டும். கம்பியின் ஒரு முனையை அட்டையிலும் மறு முனையை மதர்போர்டின் கீழ்விளிம்பில் உள்ள 9 ஊசி யூ.எஸ்.பி. 2.0 முனையிலும் செருகுங்கள். ஒரு மூலையில் ஊசி இல்லாமல் இருக்கும். கம்பியின் முனையிலும் அதே மூலை அடைபட்டிருக்கும் என்பதால் தவறாகச் செருக வழியில்லை. கணினியை அணைத்து, சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்த பிறகு செய்யுங்கள். அட்டையின் இரண்டு ஆண்டெனாக்களையும் பின்னால் திருகுவதற்கு மறக்காதீர்கள். அவை இல்லாமல் புளூடூத் மேசையைத் தாண்டுவதற்கே திணறும்.

கேள்வி: பழைய மடிக்கணினியில் லுபுண்டு போட்டிருக்கிறேன். இந்த அடாப்டர்கள் லினக்ஸில் இயங்குமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெரும்பாலானவை இயங்கும். புளூஸ் எனப்படும் புளூடூத் மென்பொருள் லினக்ஸின் அங்கமாகவே இருக்கிறது. அடாப்டரைச் செருகி, டெர்மினலில் யூ.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால் சில்லின் பெயர் தெரியும். ரியல்டெக் சில்லு என்றால் லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்; அதிலுள்ள கோப்பு கிடைக்காமல் இந்தச் சில்லு எழுந்திருக்காது. சாளரத்தில் சொடுக்கி இணைக்க ‘புளூமேன்’ என்ற செயலியை நிறுவுங்கள்.

கேள்வி: கீபோர்டு, மவுசு இரண்டையும் புளூடூத்துக்கு மாற்றிவிட்டேன். நேற்று கணினியைத் தொடங்கும்போது, விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போக எஃப்2 விசையை எவ்வளவு அழுத்தினாலும் நகரவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டதா?
— கணக்காளர், மதுரை

பதில்: கீபோர்டு நலமாக இருக்கிறது. யூ.எஸ்.பி. அடாப்டர் வழியாக வரும் புளூடூத், விண்டோஸ் எழுந்து டிரைவரை ஏற்றிய பிறகே உயிர்பெறும். அதற்கு முந்தைய சில நொடிகளில் பயாஸுக்குப் புளூடூத் என்றால் என்னவென்றே தெரியாது. மவுசுடன் வரும் துண்டைப் போன்ற தனி ரிசீவர் உள்ள கீபோர்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அவை பயாஸின் பார்வையில் சாதாரண யூ.எஸ்.பி. கீபோர்டுதான். உங்களுக்கு வேண்டியதெல்லாம் பரணில் தூக்கிப்போட்ட அந்தப் பழைய கம்பி கீபோர்டு. அதைத் தூசி தட்டி எடுத்துச் செருகி எஃப்2 விசையை அழுத்திப் பாருங்கள். வேலை முடிந்ததும் பரணுக்கு அனுப்பாமல் மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.